மச்சான் வீட்டு வெள்ளத்துக்கு ஒரு சமன்பாடு

சுவரைப் பெயர்த்து எடுத்துவர முடியாது என்பதால் மச்சான் அதைப் போட்டோ பிடித்துக்கொண்டு வந்திருந்தார்.

காலை நேரம். அடுப்பில் சாயாவை வைத்துவிட்டு நான் கல்லூரிப் பிள்ளைகளின் விடைத்தாள்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்த மச்சான் என் மூக்குக்கு நேரே போனை நீட்டினார். திரையில் ஒரு நீலச் சுவர். அதில் பென்சிலால் கோடு கோடாக இழுத்து, ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் மலையாளத்தில் தேதி எழுதியிருந்தது. சில கோடுகள் கணுக்கால் உயரம். சில முழங்காலைத் தொடப் பார்த்தன.

"ஜமீலா, இதுக்கு ஒரு ஈக்குவேஷன் கண்டுபிடிச்சுத் தா. நிக்காஹ் அன்னிக்கு வெள்ளம் கேறுமா கேறாதான்னு எனக்கு அறியணும்."

மச்சான் என்றால் என் அக்கா நூர்ஜகானின் கணவர் ஹனீபா. எறணாகுளம் பிராட்வேயில் குடைக்கடை வைத்திருக்கிறார். ஊரை நனையாமல் காப்பாற்றுகிற மனிதரின் வீட்டுக்குள் மாதம் இரண்டு முறை தண்ணீர் ஏறும். வீடு கொச்சி மட்டாஞ்சேரியில், கொச்சங்காடியில், பழைய கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கிறது. கடலோடு சேர்ந்த காயல் பொங்கினால் சாக்கடை வழியாக எதிர்த்து வந்து, தரையோட்டின் இடுக்குகளில் கசிந்து, முன்னறையில் குளம் கட்டிவிடும். மழையும் வேண்டாம், புயலும் வேண்டாம். அமாவாசையோ பௌர்ணமியோ வந்தால் போதும். அதிலும் கார்த்திகை மாதம், மலையாளிகளுக்கு விருச்சிகம், கேட்கவே வேண்டாம். இரண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போய்விடும். எங்கள் குடும்பத்துக்கு வரும் விருந்தாளிகளில் சொல்லாமலே கிளம்பிப் போகிறவர் அவர் ஒருவர்தான்.

அக்காவின் ஒரே மகள் ஷப்னாவுக்கு அந்தக் கார்த்திகையில்தான் நிக்காஹ். மாப்பிள்ளை பாலக்காடு. எங்களைப் போலவே வீட்டில் தமிழ் பேசும் ராவுத்தர் குடும்பம். பையனுக்குக் கத்தாரில் வேலை. நகை எவ்வளவு, கார் உண்டா என்றெல்லாம் அவர்கள் வாயைத் திறக்கவில்லை. பையனின் அம்மா ஆயிஷா மாமி ஒரே ஒரு ஆசையைச் சொன்னார். "பொண்ணு பொறந்து வளந்த வீட்டுலதான் நிக்காஹ் நடக்கணும். ஹாலும் கீலும் எங்களுக்கு வேண்டாம்."

மச்சான் உடனே தலையாட்டிவிட்டார். தண்ணீர் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் எங்கள் குடும்பத்தில் நிறையப் பேர் உண்டு. காயலை மறைக்கப் பார்த்தவர் இவர்தான்.

"சொன்னா சம்பந்தம் போயிரும் ஜமீலா. வீட்டுக்குள்ள வெள்ளம்னு கேட்டா, அந்த ஆளுங்க பேடிச்சுப் போயிருவாங்க. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்னு சும்மாவா சொன்னாங்க?"

"நாளைத் தள்ளிவைங்க மச்சான். ஒரு வாரம் போதும்."

"பையனுக்கு லீவு இல்லே. செவ்வாய்க்கிழமை பிளைட்டு. அந்த ஞாயித்துக்கிழமை விட்டா அடுத்த வருஷம்தான்."

சாயா பொங்கி அடுப்பில் வழிந்தது. என் வீட்டில் அன்று பொங்கியது அது மட்டுமில்லை. எனக்கும் கோபம்தான்.

ஒரு தைரியத்தில் எழுதுகிறேன்

இந்தத் தொடரைப் படிக்கும் மதுரை வாசகர் ஒருவர், "சொந்தக்காரர்களைப் பற்றி இப்படி எழுதுகிறீர்களே, அவர்கள் சண்டைக்கு வரமாட்டார்களா?" என்று கேட்டிருந்தார். வரமாட்டார்கள். எங்கள் உறவில் தமிழ் பேசாதவர் யாரும் இல்லை. தமிழ் படிக்கத் தெரிந்தவர் என்னைத் தவிர யாரும் இல்லை. பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் மலையாளம். நான் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இருந்தபோது, பஸ்களின் பெயர்ப்பலகையைப் படிக்கத் தெரியாமல் இரண்டு முறை தவறான ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, ரோஷம் வந்து கற்றுக்கொண்டேன்.

மச்சானிடம் இந்தப் பத்திரிகையைக் காட்டியிருக்கிறேன். என் போட்டோ நன்றாக வந்திருப்பதாகச் சொன்னார்.

வளைவு தீர்க்கும் டீச்சர்

கணக்கு டீச்சர் என்றால் எங்கள் பக்கத்தில் பாதி டாக்டர், பாதி மந்திரவாதி. மிளகு வியாபாரி ஒருவர் ஒரு முறை விலை ஏறி இறங்கும் படத்தைச் செய்தித்தாளிலிருந்து வெட்டிக்கொண்டு வந்து, "இதுக்கு வாலை மட்டும் வரைஞ்சு கொடுங்க டீச்சர்" என்றார். அதாவது அடுத்த மாதத்து விலை. வால் எங்கே போகும் என்று தெரிந்திருந்தால் நான் ஏன் விடைத்தாள் திருத்துகிறேன் என்று கேட்டேன். அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. வேறொரு டீச்சரிடம் போனார். அந்த டீச்சர் வரைந்தே கொடுத்துவிட்டாராம்.

உண்மையில் விஷயம் அவ்வளவு மாயமில்லை. தாளில் நாலு புள்ளி வைத்தால், நாலையும் தொட்டுக்கொண்டு போகும் ஒரு கோட்டை யாரும் வரையலாம். அந்தக் கோட்டுக்கு ஒரு சமன்பாடும் எழுதிவிடலாம். நாற்பது புள்ளி வைத்தாலும் அப்படித்தான். சமன்பாடு கொஞ்சம் நீளும், அவ்வளவுதான். கல்லூரியில் முதல் முறை இதைக் கற்றபோது, உலகத்தில் எந்தக் கோணல்மாணலையும் எழுதி முடித்துவிடலாம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. விடுதிச் சோற்றில் கிடந்த கல்லை இலையில் வரிசையாக வைத்து அதற்குக்கூடச் சமன்பாடு எழுதினேன்.

பிறகுதான் புரிந்தது. புள்ளிகளைத் தொடுவது ஒன்று, புள்ளிகள் ஏன் அங்கே இருக்கின்றன என்று தெரிந்துகொள்வது வேறொன்று. அளவெடுக்கும்போது வயிற்றை எக்கிப் பிடித்துக்கொள்கிற ஆளுக்கு, அந்த எக்கின வயிற்றுக்கே அச்சாகச் சட்டை தைத்துக் கொடுத்தால் என்ன ஆகும்? கடையில் கச்சிதமாக இருக்கும். வீட்டுக்குப் போய் மூச்சு விட்டதும் பொத்தான் தெறிக்கும்.

சுவர் சொன்ன பொய்கள்

மச்சானின் கோடுகளை வரிசையாகத் தாளில் எடுத்துப் போட்டேன். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பழைய கோடுகள் உயரத்தில். நடுவில் ஒரு இடத்தில் திடீரென்று எல்லாம் சரேலென்று கீழே இறங்கியிருந்தன.

"பாத்தியா?" என்றார் மச்சான் பெருமையாக. "ரெண்டு வருஷமா வெள்ளம் கொறைஞ்சிருக்கு. அல்லாஹ் கண் தொறந்துட்டான்."

எனக்குச் சந்தேகம். அக்கா வீட்டுக்கே போனேன். வாசலில் குனியாமல் நுழைந்து நெற்றியில் இடித்துக்கொண்டபோதுதான் பதில் கிடைத்தது.

எங்கள் பக்கத்து வீடுகளில் ஒரு வழக்கம். தண்ணீர் தொல்லை தாங்காமல் சில வருஷத்துக்கு ஒரு முறை தரையை உயர்த்துவார்கள். பழைய தரையின் மேலே மண், அதன் மேலே சிமென்ட், அதன் மேலே புது ஓடு. தரை உயரும், கூரை உயராது, வாசற்படி நிலை உயராது. நாளாக ஆக வீட்டுக்காரர்கள் எல்லோரும் பணிவானவர்களாக மாறிவிடுவார்கள். பெண் பார்க்க வந்த நாளில், அன்று நல்லவேளையாகத் தண்ணீர் இல்லை, மாப்பிள்ளையின் அப்பா, "ஏன் வாசல் இவ்வளவு குட்டையா இருக்கு?" என்று கேட்டாராம். "குனிஞ்சு வர்றது ஒரு மரியாதை" என்று மச்சான் பதில் சொன்னாராம்.

மச்சான் ஒவ்வொரு கோட்டையும் தரையிலிருந்து அளந்திருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன் தரை நாலு விரற்கடை உயர்ந்தது. அதன் பிறகும் தரையிலிருந்துதான் அளந்திருக்கிறார். ஆக, தண்ணீர் குறையவில்லை. மச்சானின் பூஜ்யம்தான் வளர்ந்துவிட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடமே கோணல்தான்.

அது போதாதென்று, பெண் பார்க்க வருமுன் சுவருக்கு நீலம் அடித்திருக்கிறார்கள். கோடுகள் எல்லாம் சுண்ணாம்புக்கடியில் போய்விட்டன. மச்சான் பிறகு அந்தப் பழைய உயரங்களை ஞாபகத்திலிருந்து, புதுத் தரைக்கு மேலேயே அளந்து திரும்ப வரைந்திருக்கிறார். சம்பந்தி வரப்போகிற வீட்டில் ஞாபகம் எப்போதும் இரண்டு விரல் கீழேதான் நிற்கும்.

"அக்கா, இந்த அலமாரியை நகர்த்தலாமா?"

"எதுக்குடி? தரை போட்டப்ப நகர்த்தினதுதான், அப்புறம் யாரும் தொடலை."

அதற்காகத்தான். அலமாரியை நகர்த்தி யாரும் சுண்ணாம்பு அடிப்பதில்லை. பின்னால் பழைய பச்சைச் சுவர் அப்படியே இருந்தது. அதில் தண்ணீர் தானே இழுத்துவிட்டுப் போன கறைகள், மச்சானின் பென்சில் படாமல். நான் வாசல் நிலையின் மேல்கட்டையிலிருந்து கீழ்நோக்கி அளந்தேன். அந்த வீட்டில் இடம் மாறாத ஒரே பொருள் அதுதான்.

பெங்களூர் வளைவு

நான் அளந்துகொண்டிருக்கும்போதே மச்சான் இன்னொரு பக்கம் வேலையை ஆரம்பித்திருந்தார். அவருடைய தம்பி மகன் ரியாஸ் பெங்களூரில் எஞ்சினியர். சுவர்ப் படம் அவனுக்கும் போயிருக்கிறது. சாயங்காலத்துக்குள் பதில் வந்துவிட்டது. போன் திரையில் வழவழவென்று ஒரு சிவப்புக் கோடு, மச்சானின் அத்தனை புள்ளிகளையும் ஒன்று விடாமல் முத்தமிட்டுக்கொண்டு போனது.

"நூத்துக்கு நூறு மேட்ச், பெரியத்தா" என்று குரல் செய்தி அனுப்பியிருந்தான். "நிக்காஹ் அன்னிக்கு தண்ணி தரைக்கு எத்தனையோ கீழ. டென்ஷனே வேண்டாம்."

நான் அந்தக் கோட்டை விரலால் இன்னும் கொஞ்சம் வலது பக்கம் தள்ளிப் பார்த்தேன். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் கழித்து அது செங்குத்தாக எழும்பி, ஓட்டுக்கூரையைத் தாண்டி, பக்கத்துப் பள்ளிவாசல் மினாராவையும் தாண்டிப் போனது.

"மச்சான், இந்தக் கணக்குப்படி அடுத்த மாசம் மட்டாஞ்சேரியே முழுகிப்போகும்."

மச்சான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "அது ரெண்டு வாரம் கழிச்சுத்தானே? அதுக்குள்ள கல்யாணம் முடிஞ்சிரும்."

இத்தனை வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தும், இப்படி ஒரு நியாயத்தை நான் பாடப்புத்தகத்தில் பார்த்ததில்லை.

ஊஞ்சலை ஆட்டும் இருவர்

என் வழி வேறு. காயல் தண்ணீர் தன் இஷ்டத்துக்கு ஏறி இறங்குவதில்லை. சந்திரன் ஒரு பக்கம் இழுக்கிறது, சூரியன் ஒரு பக்கம் இழுக்கிறது. ஒரே ஊஞ்சலை இரண்டு பேர் ஆட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே நேரத்தில் தள்ளினால் ஊஞ்சல் உச்சிக்குப் போகும். அதுதான் அமாவாசை, பௌர்ணமி. ஒருவர் தள்ளும்போது மற்றவர் பிடித்து இழுத்தால் ஊஞ்சல் சோர்ந்து ஆடும். அதுதான் நடுவில் வரும் எட்டாம் பிறை நாள்கள். ஒவ்வொருவரின் தள்ளலுக்கும் ஒழுங்கான ஒரு அலை. ஒழுங்கான அலைகளைக் கூட்டினால் ஒழுங்கே இல்லாததுபோல் ஒரு வளைவு வரும். பார்க்கிறவர்களுக்குக் கிறுக்கல், கூட்டினவளுக்குக் கணக்கு.

கடல் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் துறைமுக ஓத அட்டவணையே போனில் கிடைக்கிறதே என்று கேட்பீர்கள். கிடைக்கிறது. அது கடலுக்கு. மச்சான் வீட்டு முன்னறைக்கு இல்லை. காயலில் உச்சம் வந்து, அது சாக்கடைகளில் முட்டி மோதி, பக்கத்து வீட்டுக்காரர் மண் போட்டு மேடாக்கிய முற்றத்தைச் சுற்றிக்கொண்டு, அக்காவின் அலமாரிக்கு அடியில் வந்து சேர வேண்டும். எவ்வளவு உயரம் என்று அலமாரிக்குப் பின்னால் இருந்த கறைகளையும், எவ்வளவு தாமதம் என்று அக்கா சொன்ன நேரங்களையும் வைத்துத்தான் பொருத்தினேன். இடையில் வந்த பௌர்ணமிக்கு அக்கா வீட்டு நாற்காலியில் காலைத் தூக்கி உட்கார்ந்து, என் சமன்பாடு சொன்ன நேரத்தையும் தண்ணீர் வந்த நேரத்தையும் ஒத்துப் பார்த்தேன். கொஞ்சம்தான் பிசகியது. அதையும் திருத்தினேன்.

கிடைத்த விடை இதுதான். நிக்காஹ் ஞாயிறு, அமாவாசையை ஒட்டி வருகிறது. பத்தே முக்கால் சுமாருக்குத் தண்ணீர் முன்னறைக்குள் வரும். பதினொன்றரைக்குக் கணுக்கால் மூழ்கும். ஒரு மணிக்குப் பிறகே இறங்கும். அழைப்பிதழில் நிக்காஹ் நேரம் பதினொன்று என்று அச்சாகியிருந்தது.

"மச்சான், இப்பவாவது அவங்ககிட்ட சொல்லிருங்க. நான் வேணும்னா பேசறேன்."

மச்சான் என் தாளைக் கையில் வாங்கினார். மேலும் கீழும் பார்த்தார். "ரியாஸோட கிராப் கலர்ல இருக்கு. உன்னோடது என்ன, பென்சில்ல கோழி கிறுக்கின மாதிரி" என்று சொல்லி, தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "ரியாஸ் சொன்னதுதான் ஷரி. வெள்ளம் வராது."

பெண்ணைப் பெற்றவருக்கு எந்தச் சமன்பாடு வேண்டுமோ அதை அவரே தேர்ந்தெடுத்துக்கொண்டார் என்று நினைத்துக்கொண்டு நான் வீடு திரும்பினேன். எனக்கு அவமானமாகவும் இருந்தது.

ஷப்னா கேட்டது

இரண்டு நாள் கழித்து ஷப்னா என் வீட்டுக்கு வந்தாள். அவள் ஒரு மருந்துக்கடையில் கணக்குப் பார்க்கிறாள். சத்தமாகப் பேசத் தெரியாது. பேசினால் மாற்றிப் பேசவும் தெரியாது.

"சின்னம்மா, அத்தா ஒண்ணுமே சொல்லமாட்டேங்கறாங்க. அவரு டெய்லி போன் பண்ணறாரு. 'உங்க வீடு காயல்கிட்டேயா, நல்லா காத்து வருமா'ன்னு கேக்கறாரு. நான் என்ன சொல்ல?"

"உண்மையைச் சொல்லு."

"போன்ல சொன்னா, அத்தாவே அவங்கம்மாகிட்ட பேசி வேற மாதிரி ஆக்கிருவாங்க. 'அது சின்னப் பிள்ளை, வெளையாட்டா சொல்லிருக்கு'ன்னு." அவள் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு சின்னம்மா. அதான் கஷ்டம். தலைப்பிரசவத்துக்கு நான் இந்த வீட்டுக்குத்தானே வரணும்? அப்ப அந்த மாமி பிள்ளையைப் பாக்க வந்து, தண்ணியைப் பாத்து, 'ஏமாத்திட்டீங்களே'ன்னு ஒரு வார்த்தை சொன்னா, காலம் பூரா நான்தானே கேக்கணும்?"

ஒரு கல்யாணத்துக்கு ஆயிரம் பொய் சொல்லலாம் என்கிறவர்கள், அந்த ஆயிரத்தோடும் குடித்தனம் நடத்தப்போகிறவள் யார் என்று யோசிப்பதில்லை.

"தண்ணி எப்ப வரும்?" என்று கேட்டாள். சொன்னேன். வேறு ஒன்றும் கேட்காமல் எழுந்து போய்விட்டாள்.

ஒன்பதரை மணி

சனிக்கிழமை மத்தியானம் மச்சானின் போன். "நிக்காஹ் நேரம் மாத்தியாச்சு கேட்டோ. ஒன்பதரைக்கு. நீ எட்டுக்கே வந்துரு."

"ஏன்?"

"ஞாயித்துக்கிழமை டிராபிக்."

ஞாயிற்றுக்கிழமை மட்டாஞ்சேரியில் என்ன டிராபிக் என்று நான் கேட்பதற்குள் அடுத்ததையும் சொன்னார். நிக்காஹ் முடிந்த கையோடு எல்லோரையும் படகில் ஏற்றி அக்கரையில் இருக்கும் வைப்பின் தீவுக்குக் கூட்டிப்போகிறார். அங்கே அவருடைய கூட்டாளி வீட்டு முற்றத்தில் பிரியாணி. பாலக்காட்டுக்காரர்களிடம், "நிக்காஹ் முடிஞ்சதும் காயல் தாண்டறது கொச்சிக்காரங்க வழக்கம்" என்று சொல்லிவிட்டாராம். கொச்சியில் பிறந்து வளர்ந்த நான் அன்றுதான் அந்த வழக்கத்தைக் கேள்விப்பட்டேன். வைப்பினிலும் தண்ணீர் ஏறுமே என்றேன். "ஏறட்டும். அது அவங்க வீட்டு வெள்ளம்" என்றார்.

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ரியாஸின் கணக்குப்படி தண்ணீரே வராது. வராத தண்ணீருக்கு நேரத்தை ஏன் மாற்ற வேண்டும்? ஒன்பதரைக்கு நிக்காஹ், பத்தரைக்குள் படகு. கால் மணி நேரம் மிச்சம் வைத்து என் சமன்பாட்டின்படியே கச்சிதமாக நாள் நடத்துகிறார் மனிதர். கோழிக் கிறுக்கல் என்று என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அதையே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊரை ஏமாற்றக் கிளம்பியிருக்கிறார். என் வாழ்நாளில் என் கணக்கை இவ்வளவு முழுசாக நம்பியவர் வேறு யாரும் இல்லை. அவரை அடிக்கலாம்போல் இருந்தது.

"இன்னொருத்தர் வரணும்"

ஞாயிறு காலை முற்றத்தில் பந்தல். ஆண்கள் அங்கே. முன்னறையில் பெண்கள். நடுவில் நாற்காலியில் ஷப்னா, மருதாணிக் கையை மடியில் வைத்துக்கொண்டு. ஆயிஷா மாமி நல்ல உயரம். வாசலில் சரியாகக் குனிந்து நுழைந்தார், மரியாதை தெரிந்தவர்.

ஒன்பதரைக்கு வழக்கப்படி சாட்சிகள் இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். பெண்ணிடம் சம்மதம் கேட்க வேண்டும். அவள் சரி என்று சொன்ன பிறகே வெளியே நிக்காஹ் ஓதுவார்கள். மச்சான் வாசலில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சம்மதமா மோளே?"

ஷப்னா தலை நிமிரவில்லை. "கொஞ்சம் டைம் வேணும்."

சாட்சிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வெளியே போனார்கள். கால் மணி கழித்துத் திரும்ப வந்தார்கள். "இன்னும் கொஞ்ச நேரம்" என்றாள். பத்தே கால் ஆனது. வெளியே பேச்சுச் சத்தம் கூடியது. படகுக்காரன் மச்சானுக்குப் போன் மேல் போன் அடித்தான். அக்கா என் முழங்கையைக் கிள்ளினாள். "நீதான் இவளுக்கு ஏதோ சொல்லிக் கொடுத்திருக்கே."

எனக்கு விளங்கிவிட்டது. அப்பன் எந்த நேரத்தை வைத்து ஓடப் பார்க்கிறானோ, அதே நேரத்தை வைத்து மகள் காத்திருக்கிறாள்.

பத்தே முக்கால். தரை காய்ந்து கிடந்தது. காற்று கிழக்கிலிருந்து அடித்தால் தண்ணீர் தாமதமாகலாம். சாக்கடை அடைத்திருந்தால் வராமலே போகலாம். வரவில்லை என்றால், சபையில் வாயை மூடிக்கொண்ட பைத்தியக்காரப் பெண் என்று இவளுக்குப் பேராகும், மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போவார்கள். வகுப்பில் எத்தனை தடவை "ஏறக்குறைய" என்று அலட்சியமாகச் சொல்லியிருப்பேன்! அந்த வார்த்தையின் கனம் அன்றுதான் தெரிந்தது.

ஆயிஷா மாமி எழுந்து வந்து ஷப்னாவின் எதிரே நின்றார். "என்னம்மா, என் மகனைப் பிடிக்கலையா? பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிரு, ஒரு கொழப்பமும் இல்லே."

"பிடிச்சிருக்கு மாமி." அலமாரியின் அடியைப் பார்த்தாள். "இன்னொருத்தர் வரணும். அவர் வந்ததும் சொல்லிடறேன்."

"யாரு?"

அலமாரிக்கு அடியில் இரண்டு ஓடுகளுக்கு நடுவே கருப்பாக ஒரு கோடு ஊறியது. பிறகு கோடு அகலமாகி, பளபளத்து, சத்தமே இல்லாமல் அறையின் நடுவே வந்தது. சேற்று வாடையும், பக்கத்துக் கிடங்கின் சுக்கு வாடையும் சேர்ந்து எழுந்தன. பெண்கள் பட்டுச் சேலையைத் தூக்கிக்கொண்டு கூவினார்கள். ஆயிஷா மாமி குனிந்து பார்த்தார்.

"பைப்பு ஒடஞ்சிருச்சா?"

"அதே! பைப்புதான்!" என்று வாசலிலிருந்து மச்சான் பாய்ந்தார். "பழைய பைப்பு. பிளம்பரை இப்ப விளிக்கறேன்."

"பைப்பு இல்லே மாமி." ஷப்னா நிமிர்ந்தாள். "காயல். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் வரும். இன்னிக்கு இன்னும் ஏறும், கணுக்கால் மட்டும். நாங்க உங்ககிட்ட சொல்லலை. நீங்க வந்த அன்னிக்கு வரலை, அதுனால மறைச்சுட்டோம். நாளைக்கு நான் பிரசவத்துக்கு இங்கதான் வருவேன். இதைப் பாக்காம நீங்க என்னைக் கூட்டிட்டுப் போகக்கூடாதுன்னு தோணிச்சு." சாட்சிகள் இருவரும் கைலியை மடித்துப் பிடித்தபடி வாசலில் நின்றார்கள். அவர்களைப் பார்த்து, "எனக்குச் சம்மதம். இப்ப இவங்களுக்குச் சம்மதமான்னு கேளுங்க" என்றாள்.

சபையில் பெண் வீட்டார் அப்படி ஒரு கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. அக்கா அழுதாள். நானும் அழுதேன், வெட்கப்படாமல்.

ஆயிஷா மாமி செருப்பில்லாத காலால் தண்ணீரை ஒரு தரம் அளைந்து பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இருந்தது. அது ஷப்னாவின் மேல் இல்லை.

"எங்க ஊர்ல பங்குனி வந்தா லாரித் தண்ணிக்குக் கொடத்தோட ஓடணும். உங்க வீட்டுக்குத் தானா நடந்து வருது. வெள்ளத்துக்கு நான் ஒண்ணும் சொல்லலை, அது படைச்சவன் வேலை." மச்சானின் பக்கம் திரும்பினார். "எனக்குச் சம்மதம். ஆனா இனி இந்த வீட்டுலேர்ந்து எங்களுக்கு ஒரு விஷயம் சொல்லணும்னா, பொண்ணு சொல்லட்டும். நீங்க சொல்ல வேண்டாம். நீங்க நல்ல நாள்னு சொன்னாலும் நான் அவகிட்ட ஒரு தடவை கேட்டுக்குவேன்."

மச்சான் இதற்கும் தலையாட்டிவிட்டார்.

பந்தலில் ஆண்கள் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டார்கள். மாப்பிள்ளை புது ஷூவைக் கழற்றி நாற்காலிக் கம்பியில் மாட்டிவிட்டு, வெறுங்காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நிக்காஹ் ஓதினார்கள். துஆ முடிந்து எல்லோரும் ஆமீன் சொன்னபோது தண்ணீர் நான் சொன்ன இடத்தில் இருந்தது.

படகு போய்விட்டிருந்தது. பிரியாணி வைப்பினில் இருந்தது. பசித்த பாலக்காட்டுக்காரர்கள் நாற்காலிகளின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் சட்டைப் பையைத் தடவிக்கொண்டு மெதுவாக என் பக்கத்தில் வந்து நின்றார். யாராவது கேட்கிறார்களா என்று ஒரு தரம் சுற்றிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"ஜமீலா, வெள்ளம் எறங்க ஆரம்பிக்கறது ஒரு மணிக்கா, ஒண்ணே காலுக்கா? தாள்ல மடிப்பு விழுந்து எழுத்துத் தெரியலை."

எனக்கு நிமிஷம்வரை தெரியும். ரியாஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, ஷப்னாவிடம் போய் அவள் காதில் நேரத்தைச் சொன்னேன்.